முந்திரி போடாத பிரெட் அல்வா

என் வசந்தாக்கா,

உன் பிறந்தநாள் போன வாரம் வந்து போனது. நீ இல்லாமல் வந்த முதல் பிறந்தநாள். இந்தத் தடவை போஸ்டர் கம்மி. உன் கட்சியில் உனக்கு அடுத்து வந்தவர்கள் தங்கள் படத்தைப் பெரிதாகவும் உன் படத்தைச் சின்னதாகவும் போட்டிருந்தார்கள். பார்த்திருந்தால் நீ சிரித்திருப்பாய். நம் சேலையூர் தெருவை மறுபடி தோண்டிப் போட்டிருக்கிறார்கள். வண்டியை உருட்டிக்கொண்டு போகிறவர்கள் இன்னமும் “கவுன்சிலரம்மா இருந்திருந்தா” என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள்.

பிறந்தநாளுக்குச் சில நாள் முன்னால் குமரேசன் வீட்டுக்கு வந்தார். ஓட்டுக் கேட்கும்போதும் தண்ணீர் லாரிக்கும் உன்னோடு அலைந்த அதே கட்சிக்காரர்தான். கேக் எல்லாம் வேண்டாம், உனக்குப் பிடித்த இனிப்பைக் கிண்டி ஜனங்களுக்குக் கொடுக்கப் போகிறோம் என்றார். என்ன இனிப்பு என்று கேட்டேன்.

“பிரெட் அல்வாக்கா. அம்மாவுக்கு அதுன்னா உயிரு. உங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. நீ இனிப்பே தொடமாட்டாய் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. தீபாவளிக்கு நான் எது செய்து கொண்டுவந்தாலும் “இஷ்டமில்லடி” என்று தட்டை நகர்த்தி வைப்பாய். அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். சின்ன வயதில் நீ சாப்பிட்டாய், என் பங்கையும் சேர்த்து. பிறகு எப்போது நிறுத்தினாய்? நிறுத்தியவள் இந்த பிரெட் அல்வாவை எங்கே போய்ச் சாப்பிட்டாய்?

கேட்காமல் இருக்க முடியவில்லை. குமரேசன் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வீட்டைச் சொன்னார். கல்யாணங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் ஷம்ஷாத் அக்காவின் வீடு. நான் யாரென்று சொல்வதற்கு முன்பே, கவுன்சிலரம்மாவின் மூக்கு என்று கண்டுபிடித்து உள்ளே கூப்பிட்டார். டீ கொடுத்தார். அப்புறம் அந்தப் பெருமழைக் கதையைச் சொன்னார்.

ஏரித் தண்ணீர் வீடுகளுக்குள் வந்த அந்த மழையில், அவர்கள் தெரு முழுவதையும் நீ ஒரு கல்யாண மண்டபத்தில் தங்க வைத்திருந்தாயாம். உதவி செய்ய வந்தவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சொல்லிவைத்தது போல பிரெட்டையே கொண்டுவந்தார்களாம். காலையிலும் பிரெட், மதியமும் பிரெட்.

“பசங்க பிரெட்டப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிச்சுங்க. மூலைல மூட்டை மூட்டையா கெடக்குது, நாளைக்குப் பூசணம் பூத்துடும். அம்மா என்கிட்ட வந்து, ஏம்மா ஷம்ஷாத், இத இன்னா பண்ணலாம்னு கேட்டாங்க. சக்கரையும் பால் பவுடரும் வாங்கிக் குடுங்க, நான் பாத்துக்கறேன்னேன்.”

நெய் இல்லை, முந்திரி இல்லை. இருந்த எண்ணெயில் பிரெட்டைச் சிவக்கப் பொரித்து, கரைத்த பாலில் ஊறவைத்து, சர்க்கரை போட்டு, ஏலக்காய் தட்டி, மண்டபத்து அண்டாவில் கிளறியிருக்கிறார். முகத்தைத் திருப்பிய பிள்ளைகள் தட்டை வழித்தார்களாம். நீயும் ஈரப் புடவையோடு தரையில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாயாம். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினாயாம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும், மாலை மரியாதைக்கு முன்னால், விடிந்ததும் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாய். ஒரு வருஷம் ஷம்ஷாத் அக்கா ஆசையாக நெய்யும் முந்திரியுமாகச் செய்துவைக்க, இது கல்யாண அல்வா, எனக்கு அந்த மண்டபத்து அல்வாதான் வேண்டும் என்றாயாமே? அப்படி அடம் பிடிக்கும் வசந்தாவை நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

வீட்டில் ஏன் சாப்பிடுவதில்லை என்று அவரும் உன்னிடம் கேட்டிருக்கிறார். “வூட்டுக்காரருக்குச் சக்கரை. அவரு பாத்துகினு இருக்க, நான் எப்படித் திங்கறதுன்னாங்க” என்றார்.

பிறந்தநாள் அன்று நம் தெரு முனையிலேயே அடுப்பு மூட்டினோம். கட்சிக்காரர்கள் முந்திரியும் செர்ரிப் பழமும் வாங்கி வந்திருந்தார்கள். வேண்டாம் என்று நானும் ஷம்ஷாத் அக்காவும் ஒன்றாகச் சொன்னோம். கரண்டியை என்னிடமும் கொஞ்ச நேரம் கொடுத்தார். கையை நிறுத்தினால் அடிப் பிடித்துவிடுமாம். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும்வரை தோள் வலிக்கக் கிளறினேன்.

மாமாவுக்கு ஒரு வாய் மட்டும் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனேன். நான் தெரிந்துகொண்டு வந்ததை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் தயங்கினேன். அவர் கிண்ணத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

“எனக்குத் தெரியும் கலா. பொறந்தநாள் அன்னிக்கு மட்டும் வெளிய போய்ட்டு வந்தா, அவகிட்ட ஏலக்கா வாசன வரும். நான் கேட்டதில்ல. கேட்டா அதையும் விட்டுடுவா.”

இத்தனை வருஷம் நீ அவருக்காக மறைத்தாய். அவர் உனக்காகத் தெரியாதது போல இருந்தார். உனக்கு இது தெரியுமா, தெரியாதா? நினைக்க நினைக்க, தெரிந்துகொள்ளத் துடிக்கிறது மனசு. யாரைக் கேட்பேன்?

மாமா அந்த ஒரு வாயைச் சாப்பிட்டார். பிறகு, ஷம்ஷாத் அக்காவின் வீட்டில் நீ எங்கே உட்காருவாய், என்ன பேசுவாய் என்று ஒன்றொன்றாக என்னைக் கேட்க ஆரம்பித்தார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் அடுத்த வருஷம் விடிந்ததும் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் போகப் போகிறேன். நீ உட்காரும் இடத்தில் அவரை உட்காரவைப்பேன். அவரே கேட்டுக்கொள்ளட்டும்.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
கலா