லுங்கியில் வடிகட்டிய தண்ணீர்

அன்பு மகள் தேவிகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே குடியாத்தத்தில் நானும் அப்பாவும் தறிகளும் சௌக்கியம், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மட்டும்தான் உடம்பு சரியில்லை. அங்கே ஜெர்மனிக் குளிரில் நீ காதுக்குத் துணி கட்டிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இன்னும் இரண்டு வருடம் அங்கேயே ஆராய்ச்சி செய்யட்டுமா என்று நீ கேட்டதற்கு அப்பா இன்னும் பதில் சொல்லவில்லையே என்று தவித்துக்கொண்டிருப்பாய். அதற்குப் பதில் சொல்லத்தான் எழுதுகிறேன், ஆனால் பேட்டரி கதையைச் சொல்லாமல் அதற்கு வர முடியாது.

இந்த வெயில் காலம் முழுக்க உன் அப்பா டிஸ்டில்டு வாட்டர் வாங்கக் கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, நம் வீட்டு போர் தண்ணீரையே புது லுங்கியை நாலாக மடித்து வடிகட்டி பேட்டரியில் ஊற்றியிருக்கிறார். நம் தறியில் நெய்தது, ஒரு தூசி தப்பாது என்று பெருமை வேறு. இப்போது கரண்ட் போன கொஞ்ச நேரத்தில் ஃபேனும் நின்றுவிடுகிறது. மெக்கானிக் ரஃபி அகமது வந்து பார்த்துவிட்டு, இன்னா அண்ணே, துணியில தூசி நிக்கும், உப்பு நிக்குமா என்று சிரித்தான். உன் அப்பா முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

அந்தக் கடுப்பில்தான் ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னை அத்தனை கேள்வி கேட்டார். நீ சொன்னதை எல்லாம் இப்போது எனக்குப் பாடம் நடத்துகிறார். உப்பு கரைந்தால் அயனி அயனியாகப் பிரிந்துவிடுமாம், எந்தத் துணியிலும் சிக்காதாம். உன் லேபில் இருக்கும் பேட்டரியில் தண்ணீருக்குப் பதில் வேறு திரவமாம், அதில் லித்தியம் அயனி ஒண்டியாகப் போகாதாம், அந்தத் திரவத்தின் மூலக்கூறுகள் நாலு பேர் சுற்றி ஒட்டிக்கொண்டே போவார்களாம். அதில் லித்தியம் உப்பை ஜாஸ்தி போட்டால் வேகம் வரும் என்று பார்த்தால், ஒரு அளவுக்கு மேல் திரவம் கெட்டியாகி எல்லாமே மந்தமாகிவிடுமாம். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று நம் தெரு கூட்டத்தில் நகர முடியாமல் இருப்பது மாதிரியா என்றேன், அதேதான் என்றார். கடைசியில் எதிர்த் தகட்டுக்குள் நுழையும்போது மட்டும் கூட வந்தவர்களை விட்டுவிட்டு அயனி தனியாகத்தான் உள்ளே போகுமாம். இதைச் சொல்லிவிட்டுச் சோற்றை அளைந்தபடியே உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து உன் அத்தை வள்ளியம்மாள் வந்து, தேவியப் பொண்ணு கேட்ட வாலாஜா மாப்பிள்ளை வூட்டுக்கு இன்னா பதில் சொல்லட்டும் அண்ணே என்று கேட்டாள். அதற்கு அவர், ஏர்போர்ட்டுக்கு நாம வேன் நெறைய போனோம், கண்ணாடிக் கதவுக்கு அந்தாண்ட அவ ஒண்டியாத்தான போனா, நாம கையப் புடிச்சிகினே நின்னிருந்தா போயிருப்பாளா, அவங்கள வேற எடம் பாக்கச் சொல்லு என்றார். அத்தை முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது தேவி, சந்தோஷத்திலா, இன்னும் இரண்டு வருடமா என்ற ஏக்கத்திலா என்று கேட்காதே, இரண்டும்தான்.

அதனால் கவலையை விட்டுவிட்டு ஆராய்ச்சியைப் பார். நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, லேபில் கண்ணாடி போடாமல் எதையும் தொடாதே. விரிஞ்சிபுரம் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டோம். அந்தச் சாமி வழித்துணை நாதர், அவருக்கு எந்தக் கதவிலும் டிக்கெட் கேட்க மாட்டார்கள், உன்னோடு உள்ளேயும் வருவார். நீ நினைத்ததெல்லாம் நடந்து நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா மனோரமா

தானும் ஒரு வரி எழுதுவேன் என்று அப்பா பேனாவைப் பிடுங்குகிறார்:

பாப்பா, டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வைத்துவிட்டேன். நீ மெதுவாகவே வா. அப்பா.