வலை நரம்பால் கட்டிய ஹோஸ்

மார்ச் 11, செவ்வாய்

அத்தான் கொலைகாரர். இன்னும் யாரும் சாகவில்லை, அவ்வளவுதான்.

காற்றே இல்லை. வீட்டுக்குப் பின்னால் வள்ளம் பழுதுபார்க்கும் எங்கள் தகரக் கொட்டகை காலை ஒன்பதுக்கே கொதித்தது. ஃபைபர் வள்ளத்தின் விரிசலை நான் காற்றழுத்தத்தில் ஓடும் கிரைண்டரில் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஏர் ஹோஸின் நடு ஜாயின்ட் பிடுங்கிக்கொண்டது. பித்தளைத் துண்டோடு ஹோஸ் துள்ளி டியூப்லைட்டை உடைத்தது. என் காதுக்கு ஒரு சாண் தள்ளி.

காரணம், அத்தான் அதை வலை பின்னும் நைலான் நரம்பால் கட்டியிருந்தார்.

"ஏலே, கடல்ல ஆயிரம் கிலோ மீனு இந்த முடிச்சுலதான் நிக்கு."

மீன் வேறு, அழுத்தக் காற்று வேறு. கடலில் முடிச்சு நனைந்து இறுகும். இங்கே ரப்பர் சூடாகி வழுக்கும். சொன்னேன். காது குடைந்தார்.

மார்ச் 12, புதன்

வாங்கியது: ஸ்டீல் கிளிப் 2, டியூப்லைட் 1. பழைய ஜாயின்ட்டை இருபுறமும் இரண்டு முழம் விட்டு வெட்டி மூலையில் எறிந்தேன். புதிய ஜாயின்ட், கிளிப் போட்டு. அசையவில்லை.

"டிப்ளமா படிச்சவன் மூக்கு சிந்தவும் ஸ்பானரு கேப்பான்" என்றார் அத்தான்.

மாலை 5. சேவியர் வந்தான். சங்கு குளிப்பவன். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும்; மூச்சுக்கு அதன் ஹோஸை வாயில் கடித்துக்கொண்டு எட்டுப் பாகம் ஆழம் இறங்குவான். போன வாரம்தான் நிச்சயம் ஆனது. கிளிப்பைத் தடவிப் பார்த்தான்.

"ஏலே, எனக்கும் ஒண்ணு தா. மோதிரமாப் போட்டுக்கிடுதேன்."

அவன் ஹோஸை எலி கடித்திருக்கிறதாம். ஒரு துண்டு வேண்டும். காலையில் கொண்டு வா, நானே கிளிப் போடுகிறேன் என்றேன். தலையாட்டினான். அவனை அத்தானோடு விட்டுவிட்டு நான் கசிவு பார்க்கச் சோப்பு வாங்கப் போய்விட்டேன்.

இந்த ஊரில் செத்தவனுக்குத் தெரு நீளத்துக்கு பிளக்ஸ் வைப்பார்கள். இருப்பவனுக்கு ஒரு கிளிப் கிடையாது.

மார்ச் 13, வியாழன்

காலை 8. கடல் குளம் போல. சேவியர் வரவில்லை. விடியும் முன்பே கடலுக்குப் போய்விட்டான். போன் எடுக்கவில்லை.

மூலையில் நான் எறிந்த துண்டு இல்லை. நரம்புச் சுருள் தரையில், புதிதாக வெட்டிய முனையோடு. அந்தத் துண்டை நேற்றே எரித்திருக்க வேண்டும். நானும் முட்டாள்.

"அத்தான், அந்தப் பழைய ஜாயின்டயா சேவியருக்குக் குடுத்திய?"

கிரைண்டரை எடுத்தார். என் கிளிப்பை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். வால்வைத் திறந்தார்.

"அத்தான், அத எதுல கட்டிக் குடுத்திய? சொல்லும்!"

கிரைண்டர் ஓடுகிறது.