அப்பா ஆற்றில் இறங்கிய மாலை

டெர்ஷிச்,
மார்ச் 15

அன்பு மகள் உர்ஷாவுக்கு,

அம்மா எழுதுவது. கடல்களுக்கு அப்பால் அடிலெய்டில் நீ காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. உன் அப்பாவும் நலம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அவர் கிரகோரியார் திருநாளிலிருந்து படுக்கையில் இருக்கிறார். பயந்துவிடாதே, நெஞ்சில் சளி, இருமல், அவ்வளவுதான். டாக்டர் வந்து பார்த்து நுரையீரலில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். லிண்டன் பூ டீயும் கோழி சூப்பும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், டீயில் கொஞ்சம் பிளம் சாராயம் ஊற்றச் சொல்லி அடம்பிடிக்கிறார், அதிலிருந்தே தேறி வருகிறார் என்று தெரிகிறது. எதனால் வந்தது என்று கேட்பாய். மலை முழுக்கப் பனி கிடக்கிற மார்ச் மாதத்தில், எழுபதைத் தாண்டிய மனுஷர் ஊரே பார்க்க பிஸ்திரிட்சா ஆற்றில் இறங்கினால் வேறென்ன வரும். இதைப் போனில் சொல்ல எனக்கு வரவில்லை. போனில் நீ அவசரமாகப் பேசுவாய், எனக்கு அழுகை வரும், கடைசியில் இரண்டு பேரும் வெயில் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

வீட்டை விற்கப் பேசியது உனக்குத் தெரியும். பிப்ரவரியில் நோட்டரி முன்னால் கையெழுத்தும் போட்டாகிவிட்டது, மே மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர்கள் லியூப்லியானாக்காரர்கள், நீனா என்ற பெண்ணும் அவள் புருஷனும். நல்ல பிள்ளைகள், குறை சொல்வதற்கில்லை, ஏதாவது குறை இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முதல் தடவை வீடு பார்க்க வந்தபோதே நீனா தெருப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கிற நம் வம்பு ஜன்னலுக்குள் தலையை விட்டு, தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்துவிட்டு, “ஐயோ, நம்மள ஒருத்தரும் பாக்க முடியாது, நாம எல்லாரையும் பாக்கலாம்” என்று குதித்தாள். எதிர்வீட்டு மின்கா அந்த நேரம் தன் வம்பு ஜன்னலிலிருந்து அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை நான் சொல்லவில்லை. உன் அப்பாவுக்கோ கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம், ஊர்ச் சரித்திரம் முழுவதையும் அவிழ்த்துவிட்டார். மேலே லியூபெல் கணவாய்க்குப் பக்கத்தில் இருந்த பழைய ஊரை, மலைக்குள் கிடந்த நாகம் புரண்டு பாறையைச் சரித்து மூடியது, பிழைத்தவர்கள் ஓடிவந்து இங்கே குடியேறியது, பிறகு பெரிய தீ, எல்லாம். “ஒரே நாள்ல ஊரே சாம்பல்ம்மா. அதுக்கப்புறம்தான் எங்க ஆளுங்களுக்குப் புத்தி வந்து ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கதவு போட்டாங்க. எங்க ஊர்க்காரன் எதையும் ஒரு தடவை எரிஞ்ச பிறகுதான் பூட்டுவான்” என்றார். மாடியின் இரும்புக் கதவை எப்படித் தூக்கித் திறந்தால் கிறீச்சிடாது என்று காட்டினார். கீழ் அறையில் செருப்புத் தைத்தவர்களின் முக்காலி அழுத்திய பள்ளங்களைக் காட்டி, “இங்க உக்காந்து தைச்ச பூட்ஸு வியன்னா வரைக்கும் நடந்திருக்கு” என்று அளந்தார். நானும் கேட்டுக்கொண்டே உருளைக்கிழங்கு உரித்தேன். சரி, மனுஷருக்குப் பாரம் இறங்கிவிட்டது, சந்தோஷமாகத்தான் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டேன்.

கிரகோரியார் திருநாளுக்கு முந்தின மாலை விளக்கை ஆற்றில் விடுவதை நீ மறந்திருக்க மாட்டாய். அந்தக் காலத்துச் செருப்புக்காரர்கள், இனிமேல் பகல் வெளிச்சமே போதும் என்று வேலை விளக்கைத் தூக்கி எறிந்த நாள் அது, இப்போது பிள்ளைகளுக்கு அதெல்லாம் தெரியாது, யாருடைய அட்டை வீடு அதிக தூரம் மிதக்கிறது என்பதுதான் தெரியும். அப்பா வருஷா வருஷம் ஒன்று செய்வார், ஒரு வருஷம் கோயில், ஒரு வருஷம் கோட்டை. இந்தத் தடவை கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்தே விறகுக் கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், என்னை எட்டிப்பார்க்கக்கூட விடவில்லை. அன்று மாலை போர்வை போர்த்தித்தான் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தார். போர்வையை எடுத்தார், நம் வீடு, உர்ஷா. அப்படியே நம் வீடு. மீன் டப்பாத் தகரத்தை வெட்டி ஒவ்வொரு ஜன்னலுக்கும் இரும்புக் கதவு, கீலோடு. வம்பு ஜன்னலும் இருந்தது. மாடியில் உன் அறை ஜன்னலில் சிவப்புக் காகிதத் திரை. நீ பள்ளிக்கூடம் முடித்த வருஷம் தைத்த அந்தத் திரையை நானே மறந்துபோயிருந்தேன், அவர் மறக்கவில்லை. ஏதோ சரியில்லை என்று எனக்கு அப்போதே பட்டது, ஆனாலும் ஏன் இந்த வீடு என்று கேட்கவில்லை. நீனாவும் புருஷனும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அவள் கையைக் கோத்துக்கொண்டு, “இதை ஆத்துல விட வேண்டாமே, நாங்க வச்சுக்கறோமே” என்று கெஞ்சினாள். “இது தண்ணிக்குன்னு செஞ்சதும்மா” என்று சொல்லிவிட்டு அவரே மெழுகுவர்த்திகளை ஏற்றி, பலகைச் சரிவில் வைத்து மெல்லத் தள்ளினார்.

வீடு ராஜா மாதிரித்தான் போயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள், பாண்டு வாசித்தது. சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் முட்டிச் சாய்ந்தது, உள்ளே மெழுகுவர்த்தி விழுந்தது, கூரை பற்றிக்கொண்டது. ஒவ்வொரு வருஷமும் ஒன்றிரண்டு எரியத்தான் எரியும், பிள்ளைகளுக்கு அதுதான் கொண்டாட்டம், கூச்சல் போட்டார்கள். உன் அப்பா கூச்சல் போடவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். தொடை வரைக்கும் தண்ணீர், அந்த இழுப்பில் ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எரிகிற கூரையை அடித்து அணைக்கிறார். பாண்டு நின்றுவிட்டது. மின்கா கரையிலிருந்து, “யோவ் லோவ்ரோ, பைத்தியமா புடிச்சிருக்கு? அது அட்டைய்யா, அட்டை! உன் வீடு அங்க கல்லு மாதிரி நிக்குது, உன் பொண்டாட்டி இங்க நிக்கிறா, ஏறி வாய்யா!” என்று கத்தினாள். தீயணைப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் இறங்கி அவரை இழுத்துவந்தார்கள். அதில் ஒருவன், “பெரிய தீக்கு நாங்க லேட்டு, இதுக்காவது வந்துட்டோம் தாத்தா” என்று சொல்ல, ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவர் மட்டும் அந்தக் கரிந்த வீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட, ஒருவரையும் பார்க்காமல் நடந்தார்.

வீட்டுக்கு வந்து அடுப்புக்கு முன்னால் உட்காரவைத்து, காலை வெந்நீரில் வைத்தேன். பயம் போனதும் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. “விக்கணும் விக்கணும்னு நீங்கதானே தலையாட்டினீங்க, இப்ப அட்டை வீட்டுக்காக உசிரை விடப் போனீங்களே, அப்ப உங்க வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு” என்று கேட்டேன். அவர் வெந்நீரில் இருந்த தன் கால்களையே பார்த்தார். பிறகு, “நான் எங்கடி விக்கணும்னு சொன்னேன்? நீதான் படி ஏற முடியல, முட்டி போச்சுன்னு தினம் முனகின. சரி, உன் இஷ்டம்னேன்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “முட்டி வலிச்சா வலிச்சிட்டுப் போகுது. நீங்க இந்த நெஞ்சை வச்சுக்கிட்டு மாடிக்கு விறகு தூக்குறீங்களே, உங்களுக்காகத்தான் நான் சரின்னேன். அதுவும் உர்ஷா வேண்டாம்னுட்டா” என்றேன். “அவ எப்ப வேண்டாம்னா?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். நீ சொல்லவில்லை. உங்க இஷ்டம்மா, உங்க வீடு, நீங்க பார்த்துச் செய்ங்கன்னு சொன்னாய், அவ்வளவுதான். “அதுக்கு என்ன அர்த்தம்னு நமக்குத் தெரியாதா பாவ்லா? நாமளும் அதையேதானே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டோம்” என்று சொல்லிவிட்டு மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் நான் பார்த்திராத காட்சி அது.

நம் ஊர் ஜனங்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. மின்கா வீட்டுக்கு யார் வந்தார்கள், என்ன பையோடு போனார்கள் என்று எனக்குத் தெரியும், என் வீட்டு விஷயம் அவளுக்குத் தெரியும். ஒளிந்திருந்து எல்லாவற்றையும் பார்ப்போம், எதிரே உட்கார்ந்திருக்கிறவரிடம் உனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கமாட்டோம். கேட்டால் மரியாதைக் குறைவு. மூன்று பேரும் மூன்று பேருக்காக விட்டுக்கொடுத்து, கடைசியில் ஒருவருக்கும் இல்லாமல் போயிற்று. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அதேதான்.

மறுநாள் நீனா ஒரு பாட்டில் தேனோடு வந்தாள். அப்பாவைப் பார்த்துவிட்டுச் சமையலறையில் என்னிடம், “எங்களுக்குப் புரிஞ்சுபோச்சு ஆன்ட்டி. வேண்டாம்னா சொல்லிடுங்க, நாங்க வேற இடம் பார்த்துக்கறோம்” என்றாள். சொல்லும்போதே அவள் கை வயிற்றை அணைத்துக்கொண்டது. அவள் மாசமாக இருக்கிறாள், இருந்த வாடகை வீட்டையும் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார்களாம். உர்ஷா, என் நாக்கு நுனி வரைக்கும் அந்த வார்த்தை வந்துவிட்டது, வேண்டாம் கண்ணே, எங்களுக்கே விட்டுவிடு என்று. உள்ளேயிருந்து அப்பா இருமலுக்கு நடுவில், “உங்க இஷ்டம்மா” என்று ஆரம்பித்தார். போதும் என்று நான் குறுக்கே பேசினேன். “எங்களுக்கு வருத்தம்தாம்மா, அதை மறைக்கல. ரெண்டு பேருக்குமே விக்க மனசில்லைன்னு நேத்துதான் தெரிஞ்சுது. ஆனா வார்த்தை கொடுத்தாச்சு, உன் குழந்தை இங்கதான் பொறக்கணும், வீடு உன்னோடது” என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நல்ல காரியம்தான் செய்தேன், ஆனாலும் அவள் போன பிறகு மாடிக்குப் போய் உன் அறையில் உட்கார்ந்து நானும் அழுதேன். வருத்தம் தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன். ஜனவரியில் போனில் நீ உங்க இஷ்டம்மா என்று சொன்னாயே. சொன்ன கையோடு நீ மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது. ஜலதோஷமா என்று கேட்டேன், ஆமாம் என்றாய். அங்கே உனக்கு ஜனவரி வெயில் காலம் என்பது எனக்குத் தெரியாதா. வேலையில் ஏதாவதா, தனியாக இருந்து அலுத்துப்போச்சா, திரும்பி வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாயா, ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டேன். இப்போது கேட்கிறேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நாங்கள் பார்த்திருக்கும் புது வீட்டில் ஓர் அறைக்கு மட்டும் சாமான் ஒன்றும் ஒதுக்கவில்லை. எதற்கு என்று மின்கா கேட்டதற்கு, இஸ்திரி போட என்று சொன்னேன். இஸ்திரிக்கு யாராவது கிழக்குப் பார்த்த அறையை வைப்பார்களா. அது உனக்குத்தான். ஒரு மாதமோ ஆயுசு முழுக்கவோ, எனக்கு நீ வர வேண்டும், அதை வாய்விட்டே சொல்லிவிட்டேன். முடிந்தால் மே மாதத்துக்குள் வா, சாவியைக் கொடுக்கும் வரைக்கும் மாடி அறையில் உன் கட்டில் அப்படியேதான் இருக்கிறது.

ராத்திரி வேலை முடிந்து தூக்கக் கலக்கத்தில் கார் ஓட்டாதே. ரொட்டியைக் கடித்துக்கொண்டு நாளைத் தள்ளாமல் ஒரு வேளையாவது சுடச்சுடச் சமைத்துச் சாப்பிடு. ஈஸ்டருக்கு வால்நட் வைத்துச் சுருட்டிய போட்டிட்சா கேக் செய்து அனுப்புகிறேன், வழியில் உடைந்தாலும் ருசி மாறாது. கர்த்தர் உன்னைக் கண்ணின் மணி போலக் காக்கட்டும், மாதா உன் கூடவே இருக்கட்டும். இந்தக் கடிதத்துக்கு மட்டும் எங்களுக்காக யோசித்துப் பதில் போடாதே, உனக்கு என்ன வேண்டுமோ அதை எழுது.

முத்தங்களுடன்,
உன் அம்மா பாவ்லா

உறையை ஒட்டப் போனேன், அப்பா தானும் எழுத வேண்டும் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இது அவர் கையெழுத்து:

வந்துவிடு, உர்ஷா. அப்பாவுக்கு நீ வேண்டும்.