செவலைக்குப் போட்ட காதுத் தகடு

தை 2, திங்கள்
கடும் பனி. மாட்டுப் பொங்கல். பால் 1 லி., கரும்பு 2, மஞ்சள் கொத்து.
மத்தியானம் கன்னியம்மா வீட்டில். எங்கள் மாதர் சங்கத்துக்கு வந்த வெளிநாட்டுக் கடனில் வாங்கிய செவலைப் பசு. கொம்புக்கு நீலம், கழுத்தில் மாலை. கன்னியம்மாவுக்கு இருபது சென்ட் நிலம். இந்த மாட்டுச் சாணம் விழுந்தபின் கீரை என்னமாய் வருகிறது! கடல் தாண்டி யாரோ கொடுத்த பணம், திருமழிசையில் அரைக்கீரையாய். உடம்பு சிலிர்க்கிறது. பெருமாளே.

தை 10, செவ்வாய்
திட்ட ஆபீசர் வந்தார். மாடுகளின் காதுத் தகட்டில் நம்பர் பார்த்தார். செவலை காதில் வெறும் ஓட்டை.
"தகடு எங்கம்மா?"
"சாமிகிட்ட கீது சார்."
பொங்கலன்று குளிப்பாட்டும்போது நெம்பிக் கழற்றியிருக்கிறாள் கன்னியம்மா. "ஊட்டுக்கு மகாலட்சுமியே அதோட தானே வந்துச்சு. சாணியில புரளலாமா?" பூஜை அலமாரியில் மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, தினம் கற்பூரம்.
ஆபீசர் தலையில் கை வைத்தார். காதில் தகடு இல்லையென்றால் மாட்டை விற்றுவிட்டு வேறு மாடு கட்டியதாகத்தான் கணக்காம். அப்புறம் சங்கத்தில் ஒருவருக்கும் அடுத்த கடன் கிடையாது. வெள்ளியன்று கடன் கொடுத்த வெளிநாட்டம்மா வருகிறார். அவர் சொல்வதுதான் முடிவு.
கிணறு தூர்வாரக் கடனுக்குக் காத்திருக்கும் முனியம்மா: "மாட்டுக் காதுல இருந்தத கயட்டி சாமிக்கு வச்சியே, உன் மூக்குத்திய கயட்டி மாட்டுக்குப் போடேன்டி!"
கன்னியம்மா அழுதுவிட்டாள்.

தை 12, வியாழன்
சங்கத்து நோட்டைப் புரட்டினேன். மாடு வாங்கிய அன்று, சந்தையில் தரகர் மயிர்ச் சுழி பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதியது: நெற்றிச் சுழி 1, முதுகுச் சுழி 1, வலது பின்னங்குளம்புக்கு மேல் வெள்ளை. ஆபீசர் அன்று, "இதெல்லாம் எதுக்கும்மா, நம்பர் போதும்" என்று சிரித்தார். பள்ளிக்கூடம் போகாமல் ராமாயணம் எழுத்துக்கூட்டிப் பழகிய கை. காதில் விழுந்ததை எல்லாம் எழுதிவிடும்.

தை 13, வெள்ளி
வெயில். தலை நரைத்த அம்மாள். நீளப் பாவாடை. யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார். அலமாரிமுன் குனிந்து நம்பர் படித்தார், தகட்டைத் தொடவில்லை. பிறகு என் நோட்டு. ஆபீசர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, நெற்றிச் சுழியை விரலால் தடவினார். முதுகு. குளம்பு பார்க்க, சாணித் தரையில் மண்டி போட்டார்! செவலை அவர் தலையை நக்கியது.
"அதே மாடுதான்னு எழுதறாங்க. இவங்க அப்பாவும் மாடு வச்சிருந்தாராம், நெத்தியைப் பாத்தே எது எதுன்னு சொல்லுவாராம்" என்றார் ஆபீசர். எல்லோருக்கும் கடன் உண்டு. தகட்டை மட்டும் இப்போதே மாட்டிவிட வேண்டும்.
கன்னியம்மா: "இன்னிக்கு வெள்ளிக்கிழமை சார். சாமிகிட்டருந்து மகாலட்சுமிய எடுக்க மாட்டேன். நாளைக்கு வாங்க."


தை 14, சனி
காலை ஏழு மணி. ஜீப். அந்த அம்மாவே மறுபடி! கன்னியம்மா கற்பூரம் காட்டி, வெற்றிலைத் தட்டில் தகட்டை நீட்டினாள். மாட்டு டாக்டர் குறடு வைத்து அழுத்தினார்.
முனியம்மா: "தோடு போட்டாச்சு. தாய்மாமன் சீரு எங்கம்மா?"
ஆபீசர் சொன்னதும் அந்த அம்மாவும் சிரித்தார்.
பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். ஊர்ப் பெயர் வாயில் நுழையவில்லை. சாயங்காலம் கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை. பட்டர் நட்சத்திரம் கேட்டார். ஐயோ, அதைக் கேட்டு எழுதவில்லையே.