கத்தியை அழிக்கச் சொல்கிறார்கள், அக்கா

என் உயிரோடு ஒட்டின அக்காவுக்கு,

நீ சேர்த்துவிட்ட பாதிரியார் பள்ளிக்கூடத்து எழுத்தில்தான் இதை எழுதுகிறேன். பங்களா கூடத்தில் தொங்கும் உன் படத்தில், கையிலிருக்கும் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை அழித்துவிட்டுக் கொழுந்துக் கூடை வரையப் போகிறார்களாம். உன் தலையையும் குனிய வைப்பார்களாம். நம் இருவருக்கும் ஒரே முகச்சாயல் என்பதால், நாளைக் காலை நான் கூடையோடு, அந்தப் படத்தை வரைந்த துரைசாணி முன்னால் உட்கார வேண்டும். பெரிய கங்காணி புதுச்சேலை அனுப்பியிருக்கிறார். தொடவே கை கூசுகிறது.

மச்சான் காய்ச்சலில் கிடந்தபோது, அவருக்குப் பதிலாக ஆம்பிளைகளோடு தேயிலைச் செடி வெட்டப் போனவள் நீ. ஆள் பற்றாக்குறை, கங்காணியும் கண்டும் காணாமல் இருந்தார். எப்படி நிற்க ஆசை என்று துரைசாணி கேட்டபோது, கத்தியைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தாய். பாவி, பூ வைத்துக்கொண்டு நின்றிருந்தால் என்னவாம்? இல்லை, அப்படிக் கேட்க மாட்டேன். உன்னை நீயாகவே நான் பார்த்தது அந்தப் படத்தில்தான்.

விருந்துக்கு வந்த துரைமார் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். ஹல்துமுல்லைக் கடைத்தெருவில் மற்றத் தோட்டத்துக் கங்காணிமார் நம் பெரிய கங்காணியைப் பார்த்து, உன் மலையில் பொம்பளைதான் கவ்வாத்தா என்று சிரித்தார்களாம். மலையில் நீ வெட்டியது அவருக்கு உறுத்தவில்லை, படத்தில் நின்றதுதான் உறுத்தியது. மறுநாள் நம் லயத்து வீட்டு வாசலில் நின்று உன்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"பாதை வழுக்கும் புள்ள, பாத்துப் போ."

அந்த வாரமே பாறைக்குக் கீழே உன்னைக் கண்டெடுத்தோம். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று முடித்துவிட்டார்கள். ஒரு பொட்டு மழை பெய்யாத வாரம் அது. சின்ன வயதிலிருந்து ஏறி இறங்கிய கால் அப்படி வழுக்குமா, அக்கா?

படத்தில் செத்தவள் கையில் கத்தி இருந்தால் ஆவி அடங்காது என்று துரைசாணியிடம் சொல்லி வைத்ததும் அவர்தான். அந்த அம்மாவும் பயந்து போயிருக்கிறார்.

இன்று வாசலில் உட்கார்ந்து உன் கத்தியைத் தீட்டினேன். கங்காணி வந்து நின்றார். கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பாதை வழுக்கும் புள்ள, பாத்துப் போ."

அதே குரல். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"மழையே பெய்யலீங்களே" என்றேன்.

அவர் மூடுபனிக்குள் இறங்கிப் போனார்.

நாளை கூடையும் சேலையும் லயத்திலேயே கிடக்கும். உன் கத்தியோடுதான் துரைசாணி முன்னால் நிற்பேன், தலை குனிய மாட்டேன். இது உன்மேல் சத்தியம். அதற்குப் பிறகு, நான் வழுக்கி விழுந்தேன் என்று யார் வந்து சொன்னாலும் நீ நம்பாதே.

உன் கூடப்பிறந்தவள்,
செல்லாயி