இரைச்சல் நீக்கிய பாட்டு

இப்போதுதான் ஒரு முச்சக்கர வண்டி முந்தல் பக்கமாகப் போனது. பின்னிருக்கைக்குக் கீழே பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி வைத்திருப்பான் போலிருக்கிறது. வண்டி கண்ணில் படுமுன்பே கண்ணாடி அலுமாரிக்குள் கோப்பைகள் நடுங்கின. என்ன பாட்டென்று விளங்கவில்லை. ஒரே சுரம், ஒரே இடி. நீங்கள் இருந்திருந்தால் பத்திரிகையைச் சற்றே தாழ்த்தி, "இது பேஸ் இல்ல, பல்லுவலி" என்றிருப்பீர்கள்.

தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் பேஸ் என்கிற அடிச்சுரம் தேவைக்கு மேல் கிடைக்கிறது. உங்களுடையது இல்லாமல் போய்விட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் வாசித்ததில் மிஞ்சியிருந்தது என் தங்கையின் கலியாணத்தில் பதிவுசெய்த கசெற் ஒன்றுதான். அது இனி இல்லை.

கன்னியர் மடத்தில் எனக்குப் பியானோ சொல்லித்தந்த சிஸ்டர், இடது கைதான் அத்திவாரம், அது அடக்கமாக இருக்கவேண்டும் என்பார். சிலாபத்துக் கலியாண மண்டபத்தில் உங்களை முதலில் பார்த்தபோதும் எனக்கு அதே எண்ணம்தான். வங்கி வேலை முடிந்து நேரே வந்து, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் பேஸ் கிற்றாரை மாட்டிக்கொண்டு நின்றீர்கள். ஆங்கில ரொக் பாட்டு. எல்லோரும் பாடகரைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் உங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை பிடிப்பதற்காகத்தான். பிடித்தேன். இடைவேளையில் உங்களிடம் வந்து சொல்லவும் செய்தேன்.

"ரெண்டாம் வரியில நீங்க தொட்ட சுரம் அந்த இடத்துக்குரியதில்ல."

"ஓம். ஆனா அடுத்த இடத்துக்குப் போற வழியில இருக்குது."

"அத்திவாரம் அசையக்கூடாது."

"அது வீட்டுக்கு. பாட்டு நடக்க வேணும், டீச்சர்."

அப்போது நான் டீச்சராகக்கூட இருக்கவில்லை. அந்தப் பட்டத்தை முதலில் தந்தவர் நீங்கள். நான் பிடித்தது பிழைதான் என்று இன்றைக்கும் சொல்வேன். அழகான பிழை.

நம் கலியாணத்துக்குப் பிறகு நீங்கள் செய்த முதல் அட்டூழியம் மண்பானை. முன்னேஸ்வரம் திருவிழாக் கடையில் தண்ணீருக்கென்று நான் தெரிந்தெடுத்த பெரிய பானை அது. அடிச்சுரம் முழங்கவென்று அதன் வாயில் ஒலிபெருக்கியைக் கவிழ்த்து வைத்தீர்கள்.

"தண்ணிக்கு வாங்கின பானைய ஏன் நாசமாக்குறீங்க?"

"தண்ணி எதுக்குள்ளயும் நிக்கும். இதுக்கு வயிறு வேணும்."

அந்தப் பானை வழியாகத்தான் நான் கேட்கப் பழகினேன். முதல் தரம் எல்லோரையும் போலக் கேட்கவேண்டும். இரண்டாம் தரம் பாடகரை மனத்துக்குள் வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கவேண்டும் என்பீர்கள். அப்படிக் கேட்டபோதுதான், பாடுகிறவருக்குக் கீழே இன்னொரு பாட்டே ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. பாட்டு சோர்ந்து இறங்கும் இடத்தில் பேஸ் மட்டும் மேலே ஏறும். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் ஒரு சிறு பதில் சொல்லிவிட்டு மறுபடி அடங்கும். ஒரு பாட்டில் கிற்றார் அதே சுரங்களையே திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தது. அடியில் பேஸ் வாசிப்பவர் ஒவ்வொரு முறையும் வேறொரு சுரத்தை வைக்க, சற்றுமுன் மகிழ்ச்சியாக இருந்த அதே சுரங்கள் துக்கமாகிவிட்டன. நான் நிமிர்ந்து பார்த்தேன். உங்கள் முகத்தில் அத்தனை பெருமை, நீங்களே வாசித்தது போல.

"பாத்தியா? ஆக்கள் அதே ஆக்கள். ஊர மாத்திட்டான்."

சிஸ்டர் இதைச் சொல்லித்தரவில்லை. சிஸ்டருக்குத் தெரிந்திருக்கவும் மாட்டாது.

தங்கையின் கலியாணத்தில் பதிவுப்பெட்டிக்கு மின்சாரம் கிடைத்த இடம் உங்கள் ஒலிபெருக்கிப் பெட்டியின் பக்கம்தான். அதனால் அந்தக் கசெற் முழுவதும் நீங்கள்தான். பாடகர் பெனடிக்ட் அதைக் கேட்கும்போதெல்லாம், "என்ட குரல் கிணத்துக்குள்ளயிருந்து வருது. இது கலியாணக் கசெற்றா, என்ட செத்தவீட்டுக் கசெற்றா?" என்று உங்களைக் குத்துவார். "நீ கத்துறது கிணத்துக்குள்ள இருந்தாத்தான் காது தாங்கும்" என்பீர்கள்.

உங்கள் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு நம் மகன் இத்தாலியிலிருந்து வருவதாகச் சொன்னான். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் உங்கள் வாசிப்பைக் கேட்கவேண்டும் என்பது அவன் ஆசை. நாடாவில் பூஞ்சணம் பிடித்திருந்தது. கடற்காற்று எதைத்தான் விட்டுவைத்தது? புத்தளத்தில் பழைய கசெற்றுகளைக் கணினியில் ஏற்றிக் கொடுக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். பண்பான மனிதர். திரும்பப் போனபோது கதிரையைத் துடைத்து இருக்கச் சொன்னார்.

"டீச்சர், நாடா ஒரே ஒரு தரம்தான் ஓடிச்சி. பிறகு துண்டு துண்டாப் போயிட்டு. ஆனா நீங்க யோசிக்காதீங்க, பாட்டு இரிக்கி. அடியில 'ஊம்'முன்னு ஒரே இரைச்சல். அத முழுக்க எடுத்துட்டன். இப்ப கண்ணாடி மாதிரி இரிக்கி. கேட்டுப் பாருங்க."

கேட்டேன். பெனடிக்ட் பாடினார். கிற்றார் கேட்டது. தங்கைக்கு யாரோ வாழ்த்துச் சொன்னதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

"தம்பி, அது இரைச்சல் இல்ல. அது என்ட மனுசன்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் வெளுத்துப்போயிற்று. "அல்லாஹ்வே! டீச்சர், நான் அதுக்கு மேலயே சேவ் பண்ணிட்டன். பழையது இல்ல." காதில் மாட்டுவதைக் கொடுத்தார், பெரிய பெட்டியில் போட்டுக் காட்டினார். எங்கும் நீங்கள் இல்லை. அவரை ஏச எனக்கு வாய் வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, பஸ் நிலையத்தில் போகவேண்டிய பஸ்ஸைப் போகவிட்டு நின்றேன். உங்கள் மரணத்தன்று நான் நிமிர்ந்துதான் நின்றேன், எல்லோரும் பார்த்தார்கள். புத்தளத்தில் பஸ் நிலையத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து பியானோவின் முன்னால் உட்கார்ந்தேன். நீங்கள் வாசித்ததை என் இடது கையால் வாசித்துப் பதிவு செய்து கொடுக்கலாம் என்று நினைத்தேன். எத்தனை தரம் கேட்ட பாட்டு! ஆனால் என் கை உங்களைத் திருத்திவிடுகிறது. நீங்கள் வழிதவறி அழகாக நடந்த இடமெல்லாம் அது நேர்வழியில் போய் நிற்கிறது. இது உங்களுடையதா, சிஸ்டருடையதா என்று எனக்கே தெரியவில்லை. மூடியைச் சாத்திவிட்டேன்.

திருப்பலி முடிந்து, சாப்பாடும் முடிந்தபின், மகன் பாட்டைப் போட்டான். பெனடிக்ட் தன் இளமைக் குரலைக் கேட்டுக் கண் கலங்கினார். எல்லோரும் அவருடைய தோளைத் தட்டினார்கள். உங்கள் நினைவு நாளில் அவருக்குப் பாராட்டு. நான் பாண் கூடையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போகத் திரும்பினேன்.

"அம்மா, இதில அப்பா எங்க? எனக்குக் கேக்குதில்லையே."

"கேக்காது மகன். சுத்தமாக்கிறம் எண்டு அவரத் துடைச்சிட்டாங்க."

பாட்டு தன் பாட்டில் ஓடியது. மூன்றாவது சரணத்தின் நடுவில், வரியைப் பாடிக்கொண்டே பெனடிக்ட் சிரித்துவிடுகிறார். குரல் ஒலிவாங்கியை விட்டு விலகிப்போய்த் திரும்பி வருகிறது.

"அங்கிள், இதில ஏன் சிரிச்சீங்க?"

பெனடிக்ட் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். "அது உன்ட அப்பன் செஞ்ச வேல! சொல்லாம கொள்ளாம நிப்பாட்டிட்டான். காலுக்குக் கீழ பலகைய உருவின மாதிரி. இவனுக்கு என்ன, மயக்கமோ எண்டு திரும்பிப் பாத்தா, கையக் கட்டிக்கொண்டு முகட்டப் பாத்துக்கொண்டு நிக்கிறான்! ட்றம்ஸ்காரன் முழிக்கிறான். நான் அந்தரத்தில தொங்குறன். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அப்ப, வரி முடியிற நேரம் பாத்து, கீழயிருந்து வந்தான் பாரு ஒரு வரவு..."

அந்த வரவுக்காக எல்லோரும் காது கொடுத்தோம். அது வரவில்லை. பெனடிக்ட் என்னைப் பார்த்தார். "மன்னிச்சுக்கொள் தங்கச்சி" என்றார்.

"அந்த இடத்தத் திருப்பிப் போடு, மகன்" என்றேன்.

நீங்கள் வாசித்த ஒரு சுரமும் அந்தப் பதிவில் இல்லை. வாசிக்காமல் விட்ட அந்த ஒரு வரி மட்டும் இன்னொருவருடைய சிரிப்பில் ஒட்டிக்கொண்டு தப்பியிருக்கிறது. இதாவது மிஞ்சியதே, போதும் என்று விமான நிலையத்துக்குப் புறப்படும்போது மகன் சொன்னான். போதாது. குறைந்ததை நிறைந்தது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்போது காலையில் தேநீர் குடித்ததும் அந்தப் பாட்டைப் போடுகிறேன். சிரிப்பு வந்ததும் நிறுத்திவிடுகிறேன். மேலே ஓடவிட்டால் நீங்கள் திரும்பி வராத பாட்டுத்தான் ஓடும். நிறுத்திவிட்டு, பியானோவைத் திறந்து, நீங்கள் உள்ளே வந்த அந்த ஒரு சுரத்தை மட்டும் அழுத்துகிறேன். பாடகர் நிற்கும் இடத்துக்கு அரைச் சுரம் கீழே, கொஞ்சம் தாமதமாக. மற்ற இடங்களில் உங்கள் கையையும் என் கையையும் என்னால் பிரிக்க முடியவில்லை. இந்த ஒன்றில் மட்டும் சந்தேகமில்லை. இந்தச் சுரத்தை என் கை ஒருநாளும் தெரிவுசெய்திருக்காது.