பொன்னாடைக்கு விட்ட நடுக்கட்டம்

இந்தப் பொன்னாடையைப் பாலித்தீன் உறையிலிருந்து உருவியதும் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது. "கௌரவத்தோட மணமே இதுதான் வே" என்று நீர் மூக்கைப் பொத்திக்கொள்வீர்.

குஷாய்குடாவில் நம் தமிழ் அமைப்பு யாருக்காவது பொன்னாடை போர்த்திக்கொண்டே இருந்தது. ஹைதராபாத்தில் தமிழ் வளர்க்க அதற்குத் தெரிந்த ஒரே வழி. செயலாளராக இருந்த பாவத்துக்கு உம்மிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறையச் சேர்ந்தது. மற்றவர்கள் தங்களுக்கு வந்ததை அடுத்த கூட்டத்தில் இன்னொருவர் தோளில் தள்ளிவிடுவார்கள். நீர் கத்தரிக்கோலை எடுத்தீர்.

ஆலையில் கம்பிச் சுருள் சுற்றிப் பழகிய விரல்கள். பொன்னாடைகளைக் கட்டம் கட்டமாக வெட்டி இணைத்து, உம் மனைவியின் பழைய நூல் புடவைகளை உள்ளே வைத்து, ஒட்டுப் போர்வை தைத்தீர். கட்டத்துக்கு ஒரு படம், சங்கிலித் தையலில். 'இரண்டே வார்த்தை' என்று தொடங்கி ஒரு மணி நேரம் பேசிய தலைவர் போர்த்தியதில் மூடாத குழாய். தாய்மொழியைக் காப்போம் என்று ஒருவர் மேடையில் முழங்க, அவருடைய பேரன் கீழே "நக்கோ தாதா, நக்கோ" என்று, வேண்டாம் என்பதையும் உருதுவிலேயே சொல்லி அழுதான். அவர் கட்டத்தில் இரண்டு நாக்குள்ள ஓணான்.

நடுக்கட்டத்தை மட்டும் வெறும் வெள்ளைத் துணியாக விட்டிருந்தீர்.

"அது உமக்கு" என்றீர்.

"என் உயிர் போனாலும் பொன்னாடைக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன் ஓய்."

"நீட்டுவீரு. எழுதுறவன் கழுத்து தன்னால நீளும். அன்னைக்கு நீரே தைச்சுக்கிடும். என்ன படம்னு உமக்கே தெரியும்."

அதன்பிறகு மேடைப் பக்கமே போகாமல் சமாளித்தேன். ஜெயித்துவிட்டதாகவும் நினைத்தேன்.

போன ஞாயிறு உமக்கு நினைவஞ்சலி. பேசக் கூப்பிட்டார்கள், உமக்காக, மறுக்க முடியுமா? தலைமை, குழாய்க்காரர். உம் படத்துக்கு மாலை, பேசியவர்களுக்குப் பொன்னாடை. துக்கத்தைக் கௌரவிக்கிறார்களாம். அவர் நெருங்கியதும் கையில் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆள் குள்ளம், என் தோள் எட்டவில்லை. நான் குனிந்தேன். அது போதாதென்று கேமரா பக்கம் திரும்பினேன். உயிர் போனது உமக்கு; கழுத்து நீண்டது எனக்கு.

கூட்டம் கலைந்ததும் உம் மகள் போர்வையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நடுவுல ஒண்ணு பாக்கி இருக்காம் அங்கிள். அப்பா சொன்னாரு."

"நான்தான் தைக்கணுமா?"

"ஹவ் அங்கிள், ஆமா, நீங்களேதானாம்."

எனக்குப் போர்த்திய இந்தப் பொன்னாடையை வெட்டித் தைத்துவிட்டேன். நடுக்கட்டத்தில் நீண்டு வளைந்த ஒரு கழுத்து. தையல் உம்முடையதுபோல் வரவில்லை; கழுத்து மட்டும் அச்சு அசல். தலைவரின் குழாய்க்குப் பக்கத்திலேயே, வேறு சாதி என்று சொல்லிக்கொள்ள வழியில்லாமல் கிடக்கிறது.

இந்தக் குளிருக்கு இதைத்தான் போர்த்திக்கொள்கிறேன். சரிகை அரிக்கிறது வே. உள்ளே நூல் புடவை இருப்பதால் குளிரவில்லை.